எவர்சில்வர் டம்ளரைப் பென்சிலில் வரைவது எப்படி: முதல் கோடு முதல் கடைசி நிழல் வரை

ஓவியம் பழக வருபவரிடம் முதலில் ஆப்பிளை வரையச் சொல்வது வழக்கம். ஆப்பிள் எதையும் மன்னித்துவிடும். ஒரு பக்கம் உப்பினாலும் இன்னொரு பக்கம் சப்பினாலும் அது ஆப்பிள்தான். அப்படியும் ஒன்று கூடையில் கிடக்கும். டம்ளர் அப்படி விட்டுவிடாது. விளிம்பு ஒரு நூல் சாய்ந்தால் போதும், பென்சிலே பிடித்திராதவர்கூட "என்னமோ கோணலா இருக்கே" என்பார். தப்பு எங்கே என்று உடனே காட்டிக்கொடுக்கும் பொருள்தான் பழகுபவருக்கு நல்ல வாத்தியார். அதற்கு வீட்டு அலமாரியில் இருக்கும் காபி டம்ளரே போதும்.

டம்ளரில் கற்க வேண்டியவை இரண்டு: வட்டம் நம் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும் விதம், பளபளக்கும் உலோகத்தைச் சாதாரணப் பென்சிலால் கொண்டுவரும் விதம். முதலாவது கைக்கு வந்துவிட்டால் செம்பு, குடம், வாளி, அகல், உறைக்கிணறு என்று வட்ட வாய் உள்ள எல்லாமே வந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நீள்வட்டத்துக்கே போகிறது. அவசரப்பட்டு அதைத் தாண்டி ஷேடிங்குக்குப் போனால் எவ்வளவு அழகாக நிழல் போட்டாலும் படம் கோணலாகவே இருக்கும்.

என்னென்ன வேண்டும்

பென்சில் நான்கு: எச்பி, 2பி, 4பி, 6பி. பி என்ற எழுத்துக்கு முன்னால் எண் கூடக்கூட முனை மென்மையாகவும் கோடு கருமையாகவும் இருக்கும். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. களிமண் குறைந்தால் முனை மென்மையாகிறது. நான்கும் கிடைக்காவிட்டால் எச்பியும் 4பியும் போதும். எச்பி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். அதை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது, தாள்தான் பள்ளமாகும். எவர்சில்வருக்கு நல்ல கறுப்பு இல்லாமல் பளபளப்பு வராது.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 75 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் பயிற்சிக்குச் சரி. முழுப் படத்துக்கு 130 முதல் 150 ஜி.எஸ்.எம். வரையுள்ள டிராயிங் தாள் வாங்குங்கள். மெல்லிய தாளில் இரண்டு மூன்று முறை அழித்தாலே நார் எழும்பிவிடும். அந்த இடத்தில் பிறகு போடும் நிழல் திட்டுத்திட்டாகத்தான் விழும். தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஒரு சாதாரண ரப்பர், முடிந்தால் பிசைந்து உருட்டக்கூடிய மெத்து ரப்பர் ஒன்று, ஸ்கேல், ஷார்ப்னர், உள்ளங்கைக்கு அடியில் வைக்க ஒரு துண்டுத் தாள். சாதாரண ரப்பரை பிளேடால் சாய்வாக நறுக்கிக் கூரான விளிம்பு ஒன்று எடுத்து வையுங்கள். கடைசியில் அதற்குத்தான் பெரிய வேலை.

டம்ளரை எங்கே வைப்பது

இங்கே எடுத்துக்கொள்ளும் டம்ளரின் வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., உயரம் 9 செ.மீ. உங்கள் டம்ளரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. வாயை ஒட்டி விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும் காபி டம்ளரே நல்லது. அண்ணாந்து குடிக்கும்போது காபி ஒழுங்காக விழ உதவும் அந்த மடிப்பு, படத்திலும் டம்ளருக்கு உயிர் கொடுக்கும்.

மேசை மீது, கண்ணிலிருந்து கிடைமட்டமாக 80 செ.மீ. தள்ளி டம்ளரை வையுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கண் மேசைப் பலகைக்குச் சுமார் 40 செ.மீ. மேலே இருக்கும். இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் இந்த 80, 40 கணக்கில் வந்தவை. மிக அருகில் வைத்தால் வடிவம் மிகையாக விரியும், குனிந்து நிமிரும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்க ஜன்னல் வசதி, கை நிழல் தாளில் விழாது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். எரிந்தால் டம்ளருக்கு இரண்டு நிழல் விழும், உலோகத்தில் தேவையில்லாத வெள்ளைக் கோடுகள் சேரும். டம்ளருக்கு அடியில், முன்பக்கம் ஒரு சாண் வரும்படி, வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். வலப்பக்கம் நான்கு விரல் தள்ளி, கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றைப் படுக்க வையுங்கள். ஏன் என்பது பளபளப்பு பகுதியில் வரும். டம்ளரின் அடியைச் சுற்றித் தாளில் மெல்லிதாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். நடுவில் யாராவது டம்ளரை எடுத்துவிட்டால் அதே இடத்தில் திருப்பி வைக்கலாம்.

பென்சிலைத் தொடும் முன் ஐந்து நிமிடம்

டம்ளரைக் கையில் எடுத்து, வாய் சரியாகக் கண் உயரத்தில் வரும்படி பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வட்ட வாய் ஒரு நேர்கோடாகத் தெரியும். அப்படியே மெதுவாக இறக்குங்கள். கோடு திறந்து மெல்லிய நீள்வட்டமாகும். இறங்க இறங்க அகன்று கொண்டே போகும். மடி வரை இறக்கிக் குனிந்து பார்த்தால் கிட்டத்தட்ட முழு வட்டம்.

இதில் இருக்கும் விதி ஒன்றுதான்: கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு நீள்வட்டம் உருண்டையாகும். மேசையில் வைத்த டம்ளருக்கு வாய், அடி என்று இரண்டு வட்டங்கள். அடிதான் கண்மட்டத்திலிருந்து அதிகம் கீழே இருக்கிறது. ஆகவே அடி வட்டம் வாய் வட்டத்தைவிட உருண்டையாக இருக்க வேண்டும். அகலத்தில் சிறியது, வளைவில் பெரியது.

புதிதாக வரைபவர்களில் பெரும்பாலோர் நேர் எதிராகச் செய்வார்கள். வாயை நன்றாகத் திறந்து நீள்வட்டம் போட்டுவிட்டு, அடியை ஸ்கேல் வைத்தாற்போல் நேர்கோடாக முடிப்பார்கள். டம்ளர் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது மனசுக்குத் தெரியும். கண்ணை முந்திக்கொண்டு மனசு வரைந்துவிடுகிறது. அந்தப் படத்தில் வாய்ப்பகுதியை மேலிருந்து பார்க்கிறோம், அடியைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரியாது. "எங்கேயோ இடிக்கிறது" என்று தோன்றுவது அதனால்தான்.

மேசையில் வைத்த டம்ளரின் அடியை இப்போது பாருங்கள். முன்பக்கம் ஒரு தொட்டில்போல வளைந்து தொங்குவது தெரியும். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

பென்சிலால் அளவெடுத்தல்

கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், பென்சிலைக் குறுக்காகப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை டம்ளர் வாயின் இடது ஓரத்தில் பொருத்தி, வலது ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வையுங்கள். இதுதான் வாயின் அகலம். நகத்தை நகர்த்தாமல் பென்சிலை நிமிர்த்தி, இந்த அகலம் டம்ளரின் மொத்த உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். நாம் வைத்திருக்கும் தூரத்தில் ஒன்றரை வரும். அதே முறையில் வாயின் ஆழத்தை, அதாவது முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்கும். அடியில் இதே விகிதம் பாதியை நெருங்கும்.

முழங்கை ஒருமுறை மடங்கி ஒருமுறை நிமிர்ந்தால் எல்லா அளவும் பொய். அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம், முழங்கைதான்.

கை நீட்டிய தூரத்தில் பென்சிலில் கிடைக்கும் அகலம் சுமார் 5 செ.மீ. தாளில் அதை இரண்டு மடங்காக்கி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளில் அது நன்றாக நிறையும். தாளின் மூலையில் நாலு செ.மீ. டம்ளர் ஒன்றைப் போட்டுவைப்பது புதியவர்களின் பழக்கம். சின்னப் படத்தில் மணிக்கட்டு மட்டும் அசையும், வளைவு நடுங்கும். பெரிதாகப் போடுங்கள்.

கட்டமைப்பு

எல்லாம் எச்பி பென்சிலில், ரப்பர் பட்டவுடன் மறையும் அளவுக்கு லேசாக.

1. தாளின் நடுவில் நெடுக்காக ஒரு நடுக்கோடு. இதற்கு ஸ்கேல் வைத்துக்கொள்ளலாம். தாளின் ஓரத்திலிருந்து மேலேயும் கீழேயும் ஒரே தூரம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். நடுக்கோடு சாய்ந்தால் டம்ளரும் சாயும்.

2. தாளின் மேல் ஓரத்திலிருந்து சுமார் 8 செ.மீ. கீழே, நடுக்கோட்டுக்குக் குறுக்கே 10 செ.மீ. நீளக் கோடு: இடப்பக்கம் 5, வலப்பக்கம் 5. இது வாய்.

3. அதற்கு 11.5 செ.மீ. கீழே இன்னொரு குறுக்குக் கோடு, 7 செ.மீ. நீளம்: பக்கத்துக்கு மூன்றரை. இது அடி.

4. வாய்க் கோட்டின் நடுவிலிருந்து மேலே 1.8, கீழே 1.8 செ.மீ. புள்ளி வையுங்கள். வாயின் ஆழம் 3.6 செ.மீ. அடிக்கோட்டின் நடுவிலிருந்து மேலும் கீழும் 1.55. அதாவது 3.1 செ.மீ. விகிதத்தைப் பாருங்கள்: வாய்க்கு நூற்றுக்கு 36, அடிக்கு நூற்றுக்கு 44. மேலே சொன்ன விதி எண்ணில் இப்படித்தான் வருகிறது.

உங்கள் டம்ளரின் அளவு வேறாக இருந்தால் இந்த எண்களை அப்படியே எடுக்காமல், பென்சிலில் கிடைத்த விகிதத்தை எடுங்கள். அடி வாயைவிட உருண்டையாக இருக்கிறதா என்பதை மட்டும் விடாதீர்கள்.

நீள்வட்டம் போடும் இரண்டு வழிகள்

முதல் வழி பெட்டி வழி. கை பழகும் வரை இதுதான் பாதுகாப்பு. வாய்க் கோட்டின் இரு முனைகள், மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி இவற்றைத் தொடும்படி 10க்கு 3.6 செ.மீ. செவ்வகம் ஒன்று போடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்கள் இழுங்கள். மையத்திலிருந்து ஒவ்வொரு மூலையை நோக்கியும் பத்தில் ஏழு பங்குத் தூரத்தில் ஒரு புள்ளி. இப்போது செவ்வகப் பக்கங்களின் நடுவில் நான்கு, மூலைவிட்டங்களில் நான்கு, ஆக எட்டுப் புள்ளிகள். நீள்வட்டம் இந்த எட்டின் வழியாகத்தான் போகும். கோலத்தில் புள்ளிகளை வளைத்து இணைப்பதுபோல நிதானமாக இணையுங்கள். பக்க நடுப்புள்ளிகளில் கோடு செவ்வகத்தைத் தொட்டு, ஒரு நொடி அதோடு ஒட்டி ஓடி, விலக வேண்டும். முட்டித் திரும்பக் கூடாது.

இரண்டாவது வழி சுழற்றுவது. பென்சில் தாளைத் தொடாமல் சற்று மேலே நிற்கட்டும். கையை மணிக்கட்டில் அசைக்காமல், தோளிலிருந்து சுழற்றுங்கள். எட்டுப் புள்ளிக்கு மேலாக நாலைந்து முறை காற்றில் சுற்றியபின், சுற்று நிற்காமலே பென்சிலைத் தாளில் இறக்குங்கள். இரண்டு மூன்று சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அவற்றில் நல்ல கோட்டைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். பழைய செய்தித்தாளின் ஓரங்களில் தினம் 30 நீள்வட்டம் இப்படிப் போட்டால் இரண்டு வாரத்தில் கை வித்தியாசம் காட்டும். மெதுவாக, பயந்து பயந்து இழுத்த கோட்டில் நடுக்கம் தெரியும். வேகமாகச் சுற்றிய கோட்டில் தெரியாது.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான். இடது, வலது ஓரங்களில் கோடு கூர்ந்து மீன் வடிவமாகிவிடும். நீள்வட்டத்துக்கு எங்குமே மூலை கிடையாது. எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் முனை உருண்டுதான் திரும்பும். அங்கே ஒரு சின்ன கடுகு உட்காரும் அளவுக்கு உருட்டுங்கள். இதற்கு எதிரான தவறு, மேலும் கீழும் கோட்டை நேராக இழுத்து முனைகளில் மட்டும் வளைத்து மாத்திரை வடிவமாக்குவது. நீள்வட்டத்தில் நேரான இடமும் கிடையாது.

அடி வட்டத்தையும் முழுதாகப் போடுங்கள், பின்பாதி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். டம்ளர் கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்பாதியை மட்டும் குத்துமதிப்பாக வளைத்தால் இரு முனைகளும் சமமாக வராது. முழுதாகப் போட்டபின் பின்பாதியை அழிப்பது ஒரு நொடி வேலை.

இனி பக்கக் கோடுகள். வாய் நீள்வட்டத்தின் ஓரத்திலிருந்து அடி நீள்வட்டத்தின் ஓரத்துக்கு, இரண்டையும் உரசிக்கொண்டு போகும் நேர்கோடு. முனைப்புள்ளியிலிருந்து முனைப்புள்ளிக்கு இழுத்துவிட்டால் அடியில் ஒரு சின்ன மூலை தெரியும். கோடு நீள்வட்டத்தோடு வழுக்கிச் சேர வேண்டும்.

சரிபார்ப்பு

தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இவ்வளவு நேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத சாய்வு அப்போது பளிச்சென்று தெரியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் டிரேசிங் தாளில் படியெடுத்து நடுக்கோட்டில் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சின்னப் பாதியைப் பெரிதாக்குவதா பெரிய பாதியைச் சின்னதாக்குவதா என்று ஊகிக்க வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து ஸ்கேலால் அளந்து, எது ஐந்து செ.மீ.யைத் தவறவிட்டது என்று பாருங்கள்.

விளிம்பு

ஒற்றைக் கோட்டில் விட்ட வாய், தாளில் வெட்டிய ஓட்டைபோல் இருக்கும். உலோகத்துக்குத் தடிமன் உண்டு. காபி டம்ளருக்கு மடிப்பும் உண்டு. வெளி நீள்வட்டத்துக்குள் இன்னொரு நீள்வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கக் கூடாது. இடது வலது ஓரங்களில் 3 மி.மீ. என்றால் முன்னும் பின்னும் 1 மி.மீ. இருந்தாலே போதும். வாய் எந்த விகிதத்தில் சப்பியதோ அதே விகிதத்தில் விளிம்பின் அகலமும் சப்பும். சுற்றிலும் ஒரே அகலத்தில் விளிம்பு போட்ட டம்ளர், சைக்கிள் டயரை மாட்டியதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

வெளிப்பக்கம் மடிப்புக்குக் கீழே டம்ளரின் உடல் ஒரு நூல் உள்வாங்கும். பக்கக் கோடு விளிம்பின் ஓரத்திலிருந்து தொடங்காமல், ஓரிரு மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கட்டும்.

உள்ளே என்ன தெரிகிறது? இந்தக் கோணத்தில் பின்சுவரின் மேல்பகுதி இரண்டரை செ.மீ. அளவுக்குத்தான் தெரியும். டம்ளரின் உள்ளடி தெரியவே தெரியாது. பலரும் தெரியாத உள்ளடியை வட்டமாகப் போட்டுவைப்பார்கள். தெரியாததைப் போட வேண்டாம்.

கட்டமைப்புக் கோடுகளை இப்போது அழித்துவிடுங்கள். மிச்சக் கோடுகளையும் மெத்து ரப்பரால் ஒற்றி மங்கலாக்குங்கள். ஷேடிங்குக்கு அடியில் கறுத்த வெளிக்கோடு கிடந்தால் அது கம்பி கட்டியதுபோல் துருத்தும்.

பளபளப்பு

எவர்சில்வர் என்றதும் பலர் முழு டம்ளரையும் சாம்பல் நிறமாகத் தேய்த்துவிடுவார்கள். கிடைப்பது அலுமினியம்கூட அல்ல, சிமெண்டு. எவர்சில்வருக்கென்று தனி நிறம் இல்லை, எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். பளபளப்பு என்பது வெள்ளையும் கறுப்பும் இடையில் சாம்பல் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. மண்பானையில் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாகும். எவர்சில்வரில் திடீரென்று மாறும்.

சோதனை ஒன்று செய்யுங்கள். டம்ளருக்கு முன்னால் தாளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். டம்ளரின் உடலில் விரல் தெரியும். இப்போது கையைத் தலைக்கு மேலே ஆட்டுங்கள். உடலில் அநேகமாக ஒன்றும் தெரியாது. டம்ளர் கீழே குறுகி மேலே விரிவதால் அதன் சுவர் சற்றே மேசையை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. நாமும் மேலிருந்து பார்க்கிறோம். ஆக, உடலில் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மேசைதான், அதுவும் டம்ளருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் மேசை. வெள்ளைத் தாளை விரித்ததும் கறுப்பு நோட்டை வைத்ததும் இதற்காகத்தான். தாள் உடலின் நடுவில் அகன்ற வெள்ளைப் பட்டையாகவும், நோட்டு வலப்பக்கம் நெடுக்கான கறுப்புப் பட்டையாகவும் தெரியும். படத்தின் பளபளப்பை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஜன்னல் வெளிச்சம் மட்டும் வேறு விதமாக வரும். பாத்திரத்தைச் சுழற்றி மெருகேற்றும்போது சுற்றுவாட்டில் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். வெளிச்சம் அந்தக் கீறல்களுக்குக் குறுக்கே சிதறுவதால், மேலிருந்து கீழ்வரை நீண்ட ஒளிக்கோடாக ஓடும். இடப்பக்கம் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

தலையை அசைத்தால் பட்டைகள் எல்லாம் இடம் மாறும். ஆகவே முதலில் இரண்டு நிமிடத்தில் பட்டைகளின் எல்லைகளை எச்பியால் லேசாகக் குறித்துவிடுங்கள். எல்லாம் மேலே விரிந்து கீழே குறுகும், பக்கக் கோடுகளைப் போலவே. நேர்செங்குத்தாகப் போட்டால் டம்ளரின் வடிவம் தட்டையாகிவிடும். ஓரங்களுக்குப் போகப் போகப் பட்டைகள் ஒல்லியாகும். குறித்தபின் டம்ளர் மாறினாலும் குறித்ததையே நம்புங்கள்.

தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதலாவதை வெள்ளையாகவே விட்டு, எச்பி, 2பி, 4பி, 6பி என்று வரிசையாக நிரப்புங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். பிறகு இந்த வரிசையில் போங்கள்:

முதலில் மிகக் கறுத்த இடங்கள். விளிம்பு மடிப்புக்குக் கீழே ஓடும் மெல்லிய கோடு, வலப்பக்கக் கறுப்புப் பட்டை, அடி மேசையைத் தொடும் இடம். இவற்றை 4பியில் போட்டு, மேலே 6பியில் இன்னொரு சுற்று. ஒரே அழுத்தில் கறுப்பாக்காதீர்கள். அழுத்தினால் கிராஃபைட் மினுங்கும்; மினுங்கும் கறுப்பு வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். மூன்று லேசான சுற்று ஒரு அழுத்தலைவிடக் கருமை.

அடுத்து 2பியில் நடுத்தரப் பட்டைகள். பென்சிலைப் படுக்கவைத்து, பட்டையின் நீளவாட்டில் தேயுங்கள். கறுப்பு ஓரத்தோடு ஒட்டி நிற்கும் வெள்ளைப் பட்டையைத் தொடவே கூடாது. அது தாளின் வெள்ளையாகவே இருக்கட்டும். ஒருமுறை பென்சில் பட்டுவிட்டால் எந்த ரப்பராலும் பழைய வெள்ளை திரும்பாது.

டம்ளரின் இடம்வலம் ஓரங்களைக் கோட்டால் அடைக்க வேண்டாம். ஓரத்தில் உடல் கறுப்பாக இருந்தால் பின்னணியின் வெள்ளை அதைக் காட்டும். உடல் வெள்ளையாக இருந்தால் பின்னணியில் லேசாக நிழல் தேய்த்தால் போதும், ஓரம் தானாகப் பிறக்கும்.

உட்சுவரில் வெளிச்சம் திசை மாறும். ஜன்னல் இடப்பக்கம் என்றால் வெளியே இடப்பக்கம் வெளிச்சம். உள்ளே வலப்பக்கம் வெளிச்சம், இடப்பக்கம் நிழல். இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகப் போட்டால் டம்ளர் குழிவாகிவிடும். மறந்தால் மூடி போட்டதுபோல் அடைந்து நிற்கும்.

விரலால் தேய்த்து மழுப்பும் ஆசை வரும். வேண்டாம். விரலின் எண்ணெய் தாளில் இறங்கிக் கறையாகும், அதைவிட முக்கியமாக, எவர்சில்வரின் கூர்மையான எல்லைகள் மழுங்கிப்போகும். மழுப்ப வேண்டியது கீழே விழும் நிழலின் தொலைவான ஓரத்தை மட்டும். அதற்கும் டிஷ்யூ துண்டு போதும்.

கடைசியாக, நறுக்கி வைத்த ரப்பர் விளிம்பால் ஒரே இழுப்பில் விளிம்பின் மேல் இரண்டு மூன்று சின்ன வெள்ளைப் பொட்டுகள். மடிப்பு எல்லாப் பக்கமும் உருண்டிருப்பதால் அது ஜன்னலை நேராகவே காட்டும். டம்ளர் சட்டென்று உலோகமாவது இந்தப் பொட்டு விழும் நொடியில்தான். மூன்றுக்கு மேல் போனால் தகரம் அடிபட்டதுபோல் ஆகிவிடும்.

கீழே விழும் நிழல்

நிழல் அடியிலிருந்து இடைவெளி இல்லாமல் தொடங்க வேண்டும். ஒரு மி.மீ. வெள்ளை விட்டால்கூட டம்ளர் அந்தரத்தில் மிதக்கும். தொடும் இடத்தில் 6பியில் ஒல்லியான கறுப்பு, பிறகு வலப்பக்கம் 4பி, 2பி என்று வெளுத்துக்கொண்டு போகட்டும். அருகில் ஓரம் கூர்மை, தொலைவில் மங்கல். அந்த நிழலும் டம்ளரின் உடலில் எதிரொளிக்கும்; வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் அதைத் தேடி ஒரு 2பி சுற்று சேருங்கள்.

மேசையின் பின்விளிம்பைக் கிடைக்கோடாகப் போடுவதென்றால், அது டம்ளரின் வாய் ஓரத்தோடு சரியாக முட்டும்படி வைக்காதீர்கள். கோடும் விளிம்பும் ஒட்டிக்கொண்டு ஆழம் போய்விடும். ஒரு விரற்கடை மேலோ கீழோ தள்ளுங்கள்.

பக்கத்தில் ஒரு டபரா

டம்ளர் இரண்டு மூன்று முறை சரியாக வந்தபின் டபராவைச் சேர்க்கலாம். இப்போது தாளைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். வாய் 10 செ.மீ., அடி 8 செ.மீ., உயரம் நாலரை செ.மீ. உள்ள டபராவை டம்ளருக்கு வலப்பக்கம், 6 செ.மீ. பின்னால் தள்ளி, டம்ளர் அதன் ஒரு பகுதியை மறைக்கும்படி வையுங்கள். தாளில் டபராவின் நடுக்கோடு டம்ளரின் நடுக்கோட்டுக்கு 8 செ.மீ. வலப்பக்கம் வரும். அதன் அடிக்கோடு டம்ளரின் அடிக்கோட்டுக்கு மூன்றரை செ.மீ. மேலே, பின்னால் தள்ளியது தாளில் மேலே போகும். டபராவின் அடி 10.3 செ.மீ. அகலம், 4.4 ஆழம். அதற்கு 5.4 செ.மீ. மேலே வாய், 13 செ.மீ. அகலம், 5 ஆழம்.

டபராவின் வாய் டம்ளரின் வாயைவிடத் தாழ்வு. ஆகவே பின்னால் இருந்தும் அது சற்று உருண்டை: நூற்றுக்கு 38. நான்கு நீள்வட்டங்களும் ஒரே கண்மட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். டபராவைத் தனியாக வேறொரு நாள் பார்த்து ஒட்டினால் அது வேறொரு மேசையில் இருப்பதுபோல் தெரியும். இரண்டையும் முழுதாக, ஒன்றுக்குள் ஒன்று தெரியும்படி வரைந்து, அடி வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டினால் இரண்டு பாத்திரங்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று பொருள். பிறகு டம்ளரால் மறையும் பகுதியை அழியுங்கள்.

இப்போது டம்ளரின் வலப்பக்கத்தில் டபராவும், டபராவின் இடப்பக்கத்தில் டம்ளரும் ஒல்லியாக எதிரொளிக்கும். முழு வடிவத்தையும் அங்கே வரைய முயல வேண்டாம். கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று ஒல்லிப் பட்டைகள் போதும்.

வெட்டிய பெயர்

நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர், பாட்டியின் பெயர், தேதி. இருந்தால் விட்டுவிடாதீர்கள், அந்த டம்ளரை அந்த வீட்டு டம்ளராக்குவது அதுதான். எழுத்துகள் நேர்கோட்டில் உட்காராது. உடலைச் சுற்றி ஓடும் நீள்வட்டத்தின் மேல் உட்காரும். ஆகவே எழுத்து இருக்கும் உயரத்தில், வாய்க்கும் அடிக்கும் நடுத்தரமான வளைவில் ஒரு மெல்லிய கோடு இழுத்து, அதன் மேல் எழுதுங்கள். நடுவில் இருக்கும் எழுத்து முழு அகலம். ஓரத்துக்குப் போகும் எழுத்து ஒடுங்கும், உயரம் மட்டும் குறையாது. உற்றுப் பார்த்தால் எழுத்து கோடாக இல்லாமல் சின்னச் சின்ன வெட்டுகளின் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வெட்டையும் கூரான எச்பி முனையால் ஒரு கறுப்புக் குத்தாக வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் மயிரிழை வெள்ளை விட்டுவிடுங்கள். வெட்டின் உட்பள்ளத்தில் வெளிச்சம் நிற்கும் இடம் அது. கறுப்புப் பட்டையின் மேல் விழும் எழுத்துக்கு இதையே மாற்றிப் போட வேண்டும்: முதலில் ஊசி முனை போன்ற ஒன்றால் தாளில் எழுத்தை அழுத்திப் பள்ளமாக்கி, அதன் மேல் 4பியைப் படுக்கவைத்துத் தேய்த்தால், பள்ளம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.